கோவண்டியில் நின்ற வண்டி

மாட்டுங்கா ரயில்வே காலனி
3 பிப்ரவரி 2025

கரீமுக்கு,

போனில் என் நம்பரை அடைத்துவிட்டாய். போன வாரம் தாராவியில் உன் தோல்பைப் பட்டறைக்கு வந்தேன். தெருமுனையில் என் தலை தெரிந்ததுமே ஷட்டரை இறக்கினாய். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது என்பதையும் சொல்லிவைக்கிறேன். கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளியில் நாம் இருவரும் ஒரே பெஞ்சைத் தேய்த்ததில் மிஞ்சிய நன்மை, இரண்டு பேருக்கும் தமிழ் எழுதப் படிக்க வரும் என்பதுதான். ஆகவே தபாலில் வருகிறேன்.

ஜனவரி 18, சனிக்கிழமை. நான் ஓட்டிவந்த பன்வேல் லோக்கலைக் கோவண்டியில் நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன். மறுக்கவில்லை. டியூட்டி நேரம் முடிந்தால் ஒரு நிமிஷம்கூட ஓட்ட மாட்டோம் என்று மோட்டார்மேன்கள் எல்லாரும் எடுத்த முடிவு அது. எடுக்கவைத்த சங்கக் கமிட்டியில் நானும் ஒருவன். சஸ்பெண்ட் செய்தார்கள். அதையும் எதிர்பார்த்தேன்.

எதிர்பார்க்காதது, குற்றப்பத்திரிகையோடு வந்த புகார் நகல். 'ஓட்டுநர் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே, தண்டவாளத்தில், பயணிகளைத் தவிக்கவிட்டு ஓடினார்' என்று எழுதியிருக்கிறது. கீழே நாற்பத்தொரு கையெழுத்து. நாற்பது இங்கிலீஷிலும் இந்தியிலும். முதல் கையெழுத்து மட்டும் தமிழில்: கரீம் பாட்சா. அந்தப் 'பா'வுக்கு நீ போடுகிற கொக்கியை எனக்குத் தெரியாதா?

பிளாட்பாரத்தில் நிறுத்தி இறங்கியவனுக்கு இன்கிரிமென்ட் போகும். நடுவழியில் விட்டவனுக்கு வேலையே போகும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். விசாரணை 24ஆம் தேதி. உன்னிடம் கெஞ்சவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ முதல் பெட்டியில் இருந்தாய். வண்டி எங்கே நின்றது என்று உனக்குத் தெரியாதா?

ஃபைனலில் உன் மகள் உமைரா இரண்டு பெனால்டியைத் தடுத்தாள் என்று ஸ்மிதா பேப்பரில் பார்த்துச் சொன்னாள். என் பெண்டாட்டி கால்பந்துச் செய்தி படிப்பது இதுதான் முதல் தடவை.

கோமதிநாயகம்


தாராவி
7 பிப்ரவரி 2025

மோட்டார்மேன் திரு. கோமதிநாயகம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கலாம் என்றுதான் பிரித்தேன்.

பேப்பரில் படித்தீர்களாமே, ரொம்ப சந்தோஷம். நானும் பேப்பரில்தான் படித்தேன். பெற்ற தகப்பன். 

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை நான் சொல்கிறேன். நம் நைன்டி ஃபீட் ரோடு ரசிகர் கூட்டம் நாற்பது பேர், நாலு தவில், ஒரு பேனர், சுனாபட்டியில் ஏறினோம். நெருள் மைதானத்தில் நாலு மணிக்கு நம் கிளப் பெண்கள் அணியின் ஃபைனல். உன் வண்டி என்று தெரிந்ததும் பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. வழக்கம்போல் கேபின் சுவரில் மூன்று தட்டு தட்டினேன். நீயும் வழக்கம்போல் இரண்டு ஹார்ன் கொடுத்தாய். ஆக, நான் உள்ளே இருப்பது உனக்குத் தெரியும். மறுக்க முடியாது.

கோவண்டியில் நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சிக்னல் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன், முட்டாள். அப்புறம் ஜனங்கள் அந்தப் பக்கம் தண்டவாளத்தில் குதிக்க ஆரம்பித்தார்கள். நானும் குதித்தேன். மான்கூர்டு வரை நடை. வாஷி பாலத்தில் ஒரு ஆட்டோ நகரவில்லை. வாட்டர் கேன் ஏற்றிய டெம்போவில் பின்னால் தொற்றிக்கொண்டு கடலைத் தாண்டினேன். மைதானத்துக்குள் நான் நுழைந்தபோது கோல் வலையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

உமைராவின் உம்மா நஸீரா காலையிலேயே டீம் பஸ்ஸில் போய்விட்டாள். பக்கத்தில் தன் பையை வைத்து மூன்று மணி நேரம் எனக்கு இடம் பிடித்திருக்கிறாள். பெனால்டிக்கு முன்னால் உமைரா திரும்பி அந்த இடத்தைப் பார்த்தாளாம். பை இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நான் வாயைத் திறக்கும் முன்பே உமைரா சொன்னாள்: "பரவால்ல வாப்பா. டிரெயின் வரலைன்னுதான எல்லாரும் சொல்லுதாங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாலு நாளில் கல்கத்தா கிளப்புக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

புகாரை எழுதியது கூட்டத்துப் பையன் தௌசீப். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். உன்மேல் என்ன எழுதியிருந்தாலும் அன்றைக்குப் போட்டிருப்பேன்.

நீ ஒரு கேள்வி கேட்டாய். நானும் ஒன்று கேட்கிறேன். இறங்கப்போவது உனக்குக் காலையிலேயே தெரியும். எனக்கு ஏன் ஒரு போன் போடவில்லை?

கரீம் பாட்சா


மாட்டுங்கா
11 பிப்ரவரி 2025

கரீம்,

நீ நடந்த நடையைப் படித்தேன். மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் நான் காரணமில்லாமல் இறங்கவில்லை. எங்கள் மோட்டார்மேன் பூலோகத்தை உனக்கு ஞாபகம் இருக்கும். நம்மோடு ஆண்கள் அணியின் பூனா மேட்சுக்கு வந்தானே, கூடை நிறைய முறுக்கோடு. அவன் பதினோராவது மணி நேரத்தில் வண்டி ஓட்டும்போது சிவப்பு சிக்னலைத் தாண்டினான். ஒரு உயிருக்கும் சேதமில்லை. பத்து மணி நேரம் ஓட்டிய கண்ணுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. வேலையைவிட்டு எடுத்தார்கள். ஆளும் இல்லை, புது ஆள் எடுப்பதும் இல்லை. ஓவர்டைமில்தான் இந்த ஊர் லோக்கல் எல்லாம் ஓடுகிறது. சட்டப்படி வேலை செய்தாலே வண்டி நின்றுபோகும் என்றால் தப்பு எங்கள் பேரிலா?

அன்று என் டியூட்டி மூன்று பத்துக்கு முடிந்தது. குர்லாவிலேயே கண்ட்ரோலுக்குச் சொன்னேன், கோவண்டிக்கு மாற்று ஆள் அனுப்புங்கள் என்று. மைக்கில் இரண்டு தடவை உங்களுக்கும் சொன்னேன். உங்கள் தவில் சத்தத்தில் யார் காதில் விழும்? மான்கூர்டு தாண்டினால் பாலம், தண்ணீர். அதனால்தான் ரோடும் பஸ்ஸும் இருக்கிற கோவண்டியில் நிறுத்தினேன்.

போன் விஷயம். கேபினில் போனை அணைத்து வைக்க வேண்டும். தேதியை வெளியே சொல்ல மாட்டோம் என்று கமிட்டியில் சத்தியம். உன் வாட்ஸ்அப் குரூப்பில் முந்நூறு பேர். உன் வாயிலோ ஒரு கோல் கணக்குக்கூட நிற்காது.

வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு வண்டியும் போகும்போது எத்தனை நிமிஷம் லேட் என்று கணக்குப் போடுகிறேன். "பஸ் கரா ஆதா, போதும், உட்காருங்கோ" என்று ஸ்மிதா மராத்தியும் தமிழுமாகத் திட்டுகிறாள்.

நாயகம்


தாராவி
14 பிப்ரவரி 2025

நாயகம்,

வழி எங்கே என்று கேட்டவனுக்குக் கொட்டைப்பாக்கு விலை சொல்லியிருக்கிறாய். இரண்டு பக்கம்.

பூலோகத்துக்கு நடந்தது அநியாயம். ஒத்துக்கொள்கிறேன். அதற்கு அன்றைக்கு அடி வாங்கியது யார்? எனக்குப் பக்கத்தில் செம்பூரில் ஏறிய ஒரு நர்ஸம்மா நின்றாள், வாஷியில் ஷிஃப்ட் மாற்ற. அங்கே டியூட்டி முடிந்த நர்ஸ் இவள் போகிறவரை வீட்டுக்குப் போக முடியாது. அவர்களுக்கு ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லச் சங்கம் இல்லை. பரீட்சை எழுதப்போன ஒரு பெண் ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி தண்டவாளத்தில் ஓடினாள். உங்கள் சண்டை மேலே ஏசி ரூமில் இருக்கிறவனோடு. அவன் ரயிலில் வருகிறானா என்ன? கார் வைத்திருக்கிறான்.

சத்தியம், சத்தியம் என்கிறாய். என் நிக்காஹ் முடிவாவதற்கு முன்னாலேயே பெண் யார் என்று உன்னிடம் சொன்னேன், என் உம்மாவுக்கே தெரியாது. அதை நீ யாரிடமும் சொல்லவில்லை. நான் உன்னை நம்பினேன், உனக்கு மட்டும் நான் வாய் நிற்காதவனா? 'சனிக்கிழமை பஸ்ஸில் போலே' என்று சொன்னால் போதுமே. ஏன் என்று கேட்டிருக்கவே மாட்டேன்.

தௌசீப்பிடம் புகாரை வாசித்துக் காட்டச் சொன்னேன். நடுவழியில் என்று எழுதியது பொய் என்றேன். "சாச்சா, அப் சோடோ நா, விட்டுருங்க. பசங்க செம காண்டுல இருக்காங்க. நீங்க இப்ப மாத்திச் சொன்னா, மோட்டார்மேன் உங்கள கரெக்ட் பண்ணிட்டான்னு பேசுவாங்க" என்கிறான். பேசுவார்கள்தான். இருபது வருஷமாகத் தவில் அடித்துச் சேர்த்த கூட்டம்.

கேட்டதற்குப் பதில் வந்தால் மேற்கொண்டு யோசிப்பேன். வராவிட்டால் 24ஆம் தேதி எனக்குப் பட்டறையில் வேலை இருக்கிறது.

கரீம்


மாட்டுங்கா
18 பிப்ரவரி 2025

கரீம்,

மூன்று தாளைக் கிழித்துவிட்டு நான்காவதில் எழுதுகிறேன்.

அன்று காலை எட்டு மணிக்கு, டியூட்டிக்குக் கையெழுத்துப் போடும் முன்பு, போனை எடுத்தேன். உன் பெயர் வரை போனேன். வைத்துவிட்டேன். சத்தியம் தடுக்கவில்லை. 'இவன் எங்கே வரப்போகிறான்' என்று நினைத்தேன்.

உண்மை இதுதான். நீ வருவாய் என்று நான் நம்பவில்லை. மூன்று வருஷம் உன்னோடு மல்லுக்கு நின்றேன். ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் தவில் அடிக்கிறாய், பெற்ற பெண் ஆடுவதைப் பார்க்க வாலே என்று. கால் இறுதியின்போது அவசர ஆர்டர் என்றாய். பூனாவில் ஆடியபோது காய்ச்சல். கூப்பரேஜ் மைதானத்தில் ஆடினாள், உனக்கு மச்சினன் கல்யாணம். அந்தக் கல்யாணம் முந்தின வாரமே முடிந்து, நான் பிரியாணியும் சாப்பிட்டிருந்தேன். சொந்தக்காரன் எவனாவது பார்த்துவிட்டு, பாட்சா மகள் அரைக்கால் சட்டையோடு ஓடுகிறாள் என்பான் என்று உனக்குப் பயம். ஒவ்வொரு தடவையும் உமைராவிடம் உனக்காகப் பொய் சொன்னவன் நான்தான். அதனால் ஃபைனலுக்கு வருகிறேன் என்று நீ சொன்னபோது தலையாட்டிவிட்டு, அதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

அப்புறம் சுனாபட்டியில் சுவரில் தட்டு விழுந்தது. "ஏலே நாயகம், வெரசா விடுலே, எம்மவ காத்துக்கிட்டு இருக்கா!" என்று கத்தினாய். எம்மவ என்று நீ நாலு பேர் முன்னால் சொல்லி நான் கேட்டதில்லை. கை தானாக ஹார்னுக்குப் போய்விட்டது. அங்கிருந்து கோவண்டி நான்கு ஸ்டேஷன். அந்த நான்கையும் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

மாற்று ஆள் வரவில்லை. பதினோரு நிமிஷம் கேபினில் உட்கார்ந்திருந்தேன். நெருள் இன்னும் இருபத்தைந்து நிமிஷம். ஓட்டிவிடலாம் என்று கைப்பிடியைப் பிடித்துவிட்டேன். எதிர் பிளாட்பாரத்தில் மாதவ் தன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றிருந்தான். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இறங்கு, நான் இருக்கிறேன் என்று அவனிடம் சொன்னது நான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என் சிநேகிதனுக்காக ஓட்டினால் அவன் மட்டும் மாட்டுவான். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். உன் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏறியிருப்பேன்.

உமைராவுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் நேற்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். உன் வாப்பா என் வண்டியில்தான் இருந்தார், நான்தான் கெடுத்தேன் என்று. பதில் வந்தது: "நீங்க எப்பவும் வாப்பாக்காகப் பேசுவீங்க மாமா." நான் சொன்ன பொய்கள் எல்லாம் சேர்ந்து இந்த ஒரு நிஜத்தைத் தின்றுவிட்டன.

24ஆம் தேதி நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

நாயகம்


தாராவி
25 பிப்ரவரி 2025

நாயகம்,

உன் கடிதத்தைப் படித்தேன். நீ பொய் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். நஸீராவிடம் கேட்டேன்: "நான் வருவேன்னு நீயாவது நம்புனியா?" பாத்திரம் கழுவுவதை அவள் நிறுத்தவே இல்லை. "பைய வச்சேன்ல" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் புரியவில்லை.

நேற்று வந்தேன். அதுதான் உனக்குத் தெரியுமே. உன்னை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அங்கே நடந்ததை உன் சங்கத்துக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். ஆனால் முழுவதும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதிகாரி கேட்டார், பிளாட்பாரமா, தண்டவாளமா? பிளாட்பாரம் சார், பன்னிரண்டு பெட்டியும் பிளாட்பாரத்தில் என்றேன். மைக்கில் சொன்னாரா? சொன்னார், இரண்டு தடவை, எங்கள் தவில் சத்தத்தில்தான் விளங்கவில்லை. அப்படியானால் புகாரில்? படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் சார், கோபம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கதவுக்கு வெளியே நின்று கேட்ட தௌசீப் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். ஆமாம் என்றேன். "இந்த ஆளுக்குக் காலைலயே தெரியும் சார். எனக்கு ஒரு போன் போட்டுருக்கலாம். போடல. அதையும் எழுதிக்கிடுங்க."

பேனாவை மூடிவிட்டு, "அதற்கெல்லாம் ரூல் கிடையாது" என்றார்.

அவர் எழுதிக்கொள்ளவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். உன் வேலை இனித் தப்பும் என்பதற்காக நாம் சரியாகிவிட்டோம் என்று நினைக்காதே. நம்பர் அடைத்தபடியேதான் இருக்கும்.

கரீம்


மாட்டுங்கா
9 ஏப்ரல் 2025

கரீம்,

ஒன்றரை மாதமாக உனக்கு எழுதக் கை வரவில்லை. நன்றி என்று எழுதினால் நீ கல்லைத் தூக்குவாய். வேலை இருக்கிறது. இரண்டு இன்கிரிமென்ட் போயிற்று. ஆட்களை ஏற்றிப்போகும் வண்டி கிடையாது. குர்லா ஷெட்டில் காலி வண்டிகளை இங்கிருந்து அங்கே நகர்த்திக்கொண்டிருக்கிறேன். சுவரில் தட்ட ஆளில்லை.

20ஆம் தேதி கல்கத்தாவில் உமைரா ஆடுகிறாள் என்றும், கூட்டத்தில் பதினோரு பேரோடு நீ 17ஆம் தேதி வியாழன் சாயங்கால ஹவுரா வண்டியில் டிக்கெட் போட்டிருக்கிறாய் என்றும் நஸீரா ஸ்மிதாவிடம் சொல்லியிருக்கிறாள்.

வியாழன் காலையிலிருந்து எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வரப்போகிறது. இந்த முறை லோக்கல் மட்டும் இல்லை, எக்ஸ்பிரஸ் ஓட்டுகிறவர்களும் சேர்கிறார்கள். மூன்று நாளோ நாலு நாளோ, யாருக்கும் தெரியாது. கமிட்டிக்கு வெளியே இதைத் தெரிந்த முதல் ஆள் நீ. நோட்டீஸ் கொடுக்காத ஸ்டிரைக். விஷயம் வெளியே போனால் இந்தத் தடவை எனக்காகப் பேச எந்தச் சாட்சியாலும் முடியாது. எங்கள் ஆட்களே என்னைச் சும்மா விடமாட்டார்கள். மாதவ் என் முகத்தில் முழிக்கமாட்டான்.

செவ்வாய்க்கிழமை வண்டியில் போ. எப்படியாவது போ.

தாளைக் கிழித்துப் போடு என்று எழுத நினைத்தேன். வேண்டாம். உன் இஷ்டம்.

நாயகம்


தாராவி
14 ஏப்ரல் 2025

ஏலே நாயகம்,

உன் தாளைக் கிழிக்கவில்லை, அடுப்பில் வைத்தேன்.

நான் மட்டும் போவது என்றுதான் முதலில் நினைத்தேன். அன்றைக்கு நாற்பது பேரோடு நடுவழியில் நின்றவன் நான். இன்றைக்குப் பதினோரு பேரை நிறுத்திவிட்டுப் போனால் எனக்கும் அந்த ஏசி ரூமுக்கும் என்ன வித்தியாசம்? பன்னிரண்டு பேரும் நாளைக்குக் கிளம்புகிறோம். ரிசர்வேஷன் கிடைக்கவில்லை. ஜெனரல் பெட்டி, தவில் உட்பட. காரணம் கேட்டார்கள். நஸீரா கெட்ட கனவு கண்டாள் என்றேன். "நான் என்னைக்குக் கனா கண்டேன்?" என்று அவள் எல்லார் முன்னாலும் கேட்டுவைத்தாள். பையன்கள் என்னைக் கிழவன் என்றும் பைத்தியம் என்றும் திட்டுகிறார்கள். தௌசீப் மட்டும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் முதல் ஆளாக அவன்தான் பையைக் கட்டினான்.

என் வாயில் கோல் கணக்கு நிற்காது என்றாய். ஐந்து நாளாக நிற்கிறது. வயிறு வலிக்கிறது.

மறுபடி நர்ஸம்மா தண்டவாளத்தில் நடப்பாள். அந்தக் கோபம் எனக்கு உன்மேல் போகவில்லை, போகவும் போகாது. அதற்கு உன்னை நேரில் வைத்துத் திட்டுகிறேன்.

உமைராவிடம் நான் வருவதாகச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. நம்மில் யார் சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள். போய் நிற்கிறேன்.

கரீம்